ஆங்கிலத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை: எதிரில் ஒருவரே இருந்தாலும் 'யூ ஆர்' ஏன்?

குன்னூருக்குப் பக்கத்தில் விருந்தினர் தங்கும் வீடு ஒன்றை நடத்திக்கொண்டு, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு மாலையில் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் தந்தையாக நீங்கள் மூன்று சந்தேகங்களை எழுதியிருக்கிறீர்கள். 'ஐ' ஒருமைதானே, பிறகு ஏன் 'ஹீ கோஸ்' என்பதுபோல 'ஐ கோஸ்' என்று வருவதில்லை? எதிரில் நிற்பவர் ஒருவரே ஆனாலும் ஏன் 'யூ ஆர்' என்கிறோம்? 'அவர்' என்று மரியாதையாகச் சொல்ல 'தே' போடலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஆனால் தமிழில் யோசிக்காமலே சரியாக வந்துவிடும் தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவை ஆங்கிலத்துக்குப் போனதும் ஏன் இப்படித் தடுமாற வைக்கின்றன என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் நெடுநாள் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் மொழியியல் ஆய்வாளன் அல்லன். வகுப்பறையில் கண்டதும் இலக்கணத்தில் ஐயமின்றி நிலைத்திருப்பதும்தான் என் கைப்பொருள். ஊகமாகச் சொல்லும் இடத்தில் அது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஃபர்ஸ்ட் பர்சன் தன்மை, செகண்ட் பர்சன் முன்னிலை, தேர்டு பர்சன் படர்க்கை என்பதில் ஐயமே இல்லை. இந்த மூன்று பெயர்களும் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே இருப்பவை. ஆங்கிலம் வந்த பிறகு நாம் செய்துகொண்ட பாகுபாடு அல்ல. பேசுபவர் தன்மை, கேட்பவர் முன்னிலை, பேசப்படும் மற்றவை அனைத்தும் படர்க்கை. இது ஓர் ஆளோடு ஒட்டிப் பிறந்த குணம் அன்று, அந்த நேரத்துப் பேச்சில் அவர் நிற்கும் இடம் மட்டுமே. விருந்தினரிடம் நீங்கள் 'நான் காலையில் ஆறு மணிக்கு டீ அனுப்புகிறேன்' என்கிறபோது நீங்கள் தன்மை. 'நீங்கள் ஏழு மணிக்கு அனுப்பினால் போதும்' என்று அவர் பதில் சொன்னதும் அதே நீங்கள் முன்னிலை. அவர் அறைக்குப் போய்த் தம் மனைவியிடம் 'அவர் ஏழு மணிக்கு அனுப்புவார்' என்றால் நீங்கள் படர்க்கை. ஐ, யூ, ஹீ மூன்றும் சில நிமிடங்களுக்குள் ஒரே ஆளுக்கு வந்துவிட்டன.

பள்ளியில் இதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்வதால்தான் முதல் குழப்பம் பிறக்கிறது. 'ஐ, வீ' ஃபர்ஸ்ட் பர்சன், 'யூ' செகண்ட் பர்சன், 'ஹீ, ஷீ, இட், தே' தேர்டு பர்சன் என்று ஒரு மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளையிடம் 'மை ஃபாதர்' எந்த பர்சன் என்று கேட்டால், 'மை' இருக்கிறதே என்று ஃபர்ஸ்ட் பர்சன் என்று சொல்லிவிடும். பேசுபவள் மகள், பேசப்படுபவர் அப்பா, ஆகவே அது படர்க்கை. குன்னூர், தேயிலை, மலை ரயில், தோட்டத்தில் வந்து நிற்கும் காட்டெருமை, 'எவ்ரிபடி', 'நோபடி' எல்லாமே படர்க்கைதான். ஆங்கிலத்தில் எழுவாயாக வரும் பெயர்ச்சொல் எதுவானாலும் வினை அதைப் படர்க்கையாகவே நடத்தும். எழுவாய் இடத்தில் தன்மைக்கு 'ஐ'யும் 'வீ'யும், முன்னிலைக்கு 'யூ'வும் ஆக மூன்றே சொற்கள்தான் இன்றைய ஆங்கிலத்தில் உண்டு. தொலைபேசியில் ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போதுகூட 'திஸ் இஸ் ரவி' என்கிறாரே தவிர 'திஸ் ஆம் ரவி' என்பதில்லை. பேசுபவர் தம்மைத்தான் சொல்கிறார் என்றாலும் 'திஸ்' படர்க்கைச் சொல்.

இந்த இடத்தில் தமிழ் வேறு வழியில் போகிறது. வீட்டில் தாய் குழந்தையிடம் 'அழாதே, அம்மா இதோ வரேன்' என்கிறாள். எழுவாய் 'அம்மா' என்ற பெயர்ச்சொல். வினையோ தன்மை வினை. நமக்கு இதில் எந்த நெருடலும் இல்லை, ஏனென்றால் பேசுவது யார் என்பதை வினையின் விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலம் பேசும் தாயும் குழந்தையிடம் தன்னை 'மம்மி' என்று சொல்லிக்கொள்வாள். ஆனால் 'மம்மி இஸ் கமிங்' என்றுதான் அவளால் சொல்ல முடியும். 'மம்மி ஆம் கமிங்' என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். தமிழில் இடத்தைச் சுமப்பது வினைவிகுதி, ஆங்கிலத்தில் சுமப்பது எழுவாய். நம் பிள்ளைகள் ஆங்கில பிரதிப்பெயர்களில் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டில் வந்து முடிகிறது என்பது என் அனுபவம்.

'நேற்று ஊட்டிக்குப் போனேன்' என்பது முழு வாக்கியம். 'நான்' இல்லாததால் எதுவும் குறைந்துவிடவில்லை. அதையே 'வென்ட் டு ஊட்டி எஸ்டர்டே' என்று எழுதினால் போனது நானா, நீயா, அவனா, அவர்களா என்று தெரியாது, ஏனென்றால் 'வென்ட்' எல்லோருக்கும் பொது. குறுஞ்செய்தியிலும் நாட்குறிப்பிலும் ஆங்கிலேயர்களே இப்படி எழுவாயை விட்டுவிடுவது உண்டு, அது வேறு. தேர்விலும் கடிதத்திலும் கட்டளை வாக்கியம் ஒன்றைத் தவிர மற்ற எங்கும் எழுவாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'க்ளோஸ் தி டோர்' என்பதில் மட்டும் 'யூ' மறைந்து நிற்கலாம்.

எழுவாயாக வைக்க எதுவுமே இல்லாத இடத்திலும் ஆங்கிலம் விடுவதில்லை. நம் ஊர் ஜனவரிக் காலையில் 'குளிருகிறது' என்ற ஒரு சொல்லோடு நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். குளிருவது எது என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'இட் இஸ் கோல்ட்' என்று ஒரு 'இட்' வந்து உட்கார்ந்தாக வேண்டும். அந்த 'இட்' எந்தப் பொருளையும் சுட்டவில்லை, இடத்தை நிரப்ப மட்டும் வந்திருக்கிறது. இதற்கு நேர்மாறான சிக்கல் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களில் வருகிறது. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இந்த டீ பிடிக்கும்' ஆகிய மூன்றிலும் நம் வினை படர்க்கையில் இருக்கிறது. ஆங்கிலத்திலோ 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ லைக் திஸ் டீ' என்று எல்லாம் தன்மைக்கு மாறிவிடுகின்றன. 'ஐ நோஸ்', 'ஐ லைக்ஸ்' என்று சில பிள்ளைகள் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் அதே பிள்ளைகள் 'ஐ கோஸ்' என்றும் எழுதுவதால் இதை ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் சந்தேகம். 'கோஸ்' என்பதில் வரும் அந்த 'எஸ்' ஒருமையின் அடையாளம் மட்டும் அன்று. படர்க்கை, ஒருமை, நிகழ்காலம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில் மட்டுமே அது வரும். 'ஐ' ஒருமைதான், ஆனால் படர்க்கை இல்லை. 'தே' படர்க்கைதான், ஆனால் ஒருமை இல்லை. 'வென்ட்' இறந்தகாலம், ஆகவே அங்கேயும் வேலை இல்லை. பழைய ஆங்கிலத்தில் தன்மைக்கு ஒரு விகுதி, முன்னிலைக்கு ஒரு விகுதி, படர்க்கைக்கு ஒரு விகுதி என்று தமிழைப் போலவே தனித்தனியாக இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக மற்றவை தேய்ந்து மறைந்து, படர்க்கை ஒருமைக்கு உரியது மட்டும் எஞ்சியது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் அதுகூட 'எஸ்' ஆக இல்லை, 'ஹீ கோயெத்' என்று இருக்கும். 'ஹாஸ்', 'டஸ்' என்பவை இதே எச்சத்தின் வேறு உருவங்கள்; 'இஸ்' என்பதும் இதே படர்க்கை ஒருமைக்கு உரியதுதான். 'கேன்', 'வில்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகள் இந்த விகுதியை ஏற்பதில்லை. இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' தவிர வேறு எந்த வினையிலும் இட வேறுபாடு இல்லை. ஆகவே உங்கள் மகள் எட்டு வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிகழ்கால வினை எழுதும்போது எழுவாய் 'ஹீ, ஷீ, இட்' ஆகிய மூன்றில் ஒன்றாக மாற்றக்கூடியதா என்று மட்டும் பார்க்கட்டும். 'மை ஃபாதர்' என்பதை 'ஹீ' ஆக்கலாம், எனவே 'மை ஃபாதர் கோஸ்'. 'மை ஃபாதர் அண்ட் ஐ' என்பதில் பேசுபவரும் சேர்ந்திருப்பதால் அது 'வீ', எனவே 'கோ'. 'நானும் அப்பாவும் போகிறோம்' என்று தமிழிலும் தன்மைதானே முந்துகிறது.

'யூ ஆர்' பற்றிய கேள்விக்கு வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது, அது தமிழருக்கு எளிதில் விளங்கக்கூடியதும்கூட. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் முன்னிலைக்கு ஒருமை வேறு, பன்மை வேறு. ஒருவரைச் சொல்ல 'தௌ', பலரைச் சொல்ல 'யீ', 'யூ'. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கத்தின் செல்வாக்கால், பெரியவர் ஒருவரை மரியாதையாக அழைக்கவும் பன்மைச் சொல்லையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். நாம் ஒருவரையே 'நீங்கள்' என்பதும் இதே வழிதான். நம்மிடம் 'நீ' இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கேயோ மரியாதைச் சொல் மெல்ல மெல்ல எல்லோருக்கும் பரவி, 17, 18ஆம் நூற்றாண்டுகளுக்குள் 'தௌ' பொதுவழக்கிலிருந்து விலகிவிட்டது. இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளிலும் பழைய ஜெபங்களிலும்தான் மிஞ்சியது. நம் மலையின் பழைய தேவாலயங்களில் ஆங்கில ஆராதனைக்குப் போனவர்கள் 'தை நேம்', 'தை கிங்டம்' என்று கேட்டிருப்பார்கள். 'தை' என்பது அந்த 'தௌ'வின் வேற்றுமை வடிவமே. ஆக, 'யூ ஆர்' என்பது ஒருமைக்குத் தவறாகப் போட்ட பன்மை வினை அன்று. 'நீங்கள் இருக்கிறீர்கள்' என்று ஒருவரிடம் சொல்லும்போது நம் வினையும் பன்மையில்தானே இருக்கிறது. ஒருமை, பன்மை வேறுபாடு 'யூ'வில் இன்றும் வெளிப்படும் ஓரிடம் உண்டு: ஒருவரிடம் 'யுவர்செல்ஃப்', பலரிடம் 'யுவர்செல்வ்ஸ்'. விருந்தினர் குடும்பத்தோடு வந்திருந்தால் 'ஹெல்ப் யுவர்செல்வ்ஸ்' என்று சொல்ல வேண்டும்.

அடுத்து 'அவர்'. இதில் தயக்கமே வேண்டாம்: மரியாதைக்காக 'தே' போடக்கூடாது. 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் எய்ட்டி. தே லிவ் வித் அஸ்' என்று எழுதினால், தாத்தாவோடு வேறு சிலரும் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் மரியாதை படர்க்கைப் பெயரில் குடியிருப்பதில்லை. தாத்தாவும் 'ஹீ', கடைப்பையனும் 'ஹீ', குடியரசுத் தலைவரும் 'ஹீ' அல்லது 'ஷீ'. மரியாதையைக் காட்ட 'சார்', 'மேடம்', 'மிஸ்டர்' போன்ற சொற்களும், 'குட் யூ', 'வுட் யூ' என்ற வினைத்தொடர்களும் இருக்கின்றன. நம் கடைகளில் எதிரில் நிற்பவரையே 'சாருக்கு என்ன வேணும்?' என்று படர்க்கையில் கேட்கும் பழக்கம் உண்டு. அதை அப்படியே 'வாட் டஸ் சார் வாண்ட்?' என்று பெயர்த்தால், சார் என்ற வேறொருவரைப் பற்றிக் கேட்பதுபோல் ஆகிவிடும். 'வாட் வுட் யூ லைக், சார்?' என்பதே உங்கள் தொழிலுக்கு ஏற்றது. நீதிமன்றத்தில் 'யுவர் ஆனர்' என்பதற்குப் படர்க்கை வினை போடுவதுபோன்ற விலக்குகள் உண்டு. அவை உங்களுக்கு இப்போது தேவைப்படா.

ஆனால் 'தே' ஒருவரைக் குறிக்கவே கூடாதா என்றால், குறிக்கும், வேறு காரணத்துக்காக. 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று நாம் கேட்கும்போது டாக்டர் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டியதில்லை. 'அவர்' இருவருக்கும் பொது. ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஷீ' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி வருகிறது. யார் என்றே தெரியாத இடத்தில், 'சம்ஒன் ஹாஸ் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா' என்று எழுதுவது புதுமை அன்று; 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டிலிருந்து இலக்கண ஆசிரியர்கள் சிலர் இதைக் கண்டித்து 'ஹிஸ்' என்றே எழுதச் சொன்னார்கள், அந்தக் கண்டிப்பு நம் பாடநூல்கள் வரை வந்து சேர்ந்தது. அண்மையில் காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு 2019இல் வந்த பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. தம்மை ஆண், பெண் என்று குறிப்பிட விரும்பாதவர்கள் தமக்கு 'தே' போடச் சொல்வதும் இன்று வழக்கில் இருக்கிறது. அப்படி ஒருவரைக் குறித்தாலும் வினை 'தே ஆர்' தான், 'தே இஸ்' ஆகாது. 'யூ'வுக்கு நடந்ததே இங்கேயும். இது சரியா தவறா என்பதில் ஆசிரியர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. உங்கள் மகளின் விடைத்தாளைத் திருத்துபவர் எந்தப் பக்கம் என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. பள்ளியில் 'ஹிஸ் ஆர் ஹெர்' என்று எழுதச் சொல்லியிருந்தால் தேர்வில் அப்படியே எழுதட்டும், அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் வேலையில் தினமும் வரக்கூடியது என்பதால். 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். 'டுமாரோ வீ வில் கோ டு தொட்டபெட்டா' என்று விருந்தினருக்குச் செய்தி அனுப்பினால், உங்கள் குடும்பம் மட்டும் போகிறதா, அவரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று அவருக்குத் தெரியாது. காலையில் அவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கவும் கூடும். அவரையும் சேர்த்துச் சொல்வதானால் 'லெட்ஸ் கோ' என்றோ 'வீ கேன் ஆல் கோ டுகெதர்' என்றோ எழுதுங்கள். 'லெட்ஸ்' என்ற சுருக்க வடிவம் எப்போதும் கேட்பவரையும் உள்ளடக்கும். 'லெட் அஸ் கோ' என்று விரித்துச் சொன்னால் 'எங்களைப் போகவிடுங்கள்' என்ற பொருளும் வரலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தங்கள் மொழியிலேயே இருக்கிறது; கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்கு 'நாவு' என்ற ஒரே சொல்தான். மலையாள வினை இடம் காட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஞான் போகுன்னு, நீ போகுன்னு, அவன் போகுன்னு' என்று வினை மாறாமலே நிற்கும். அந்தப் பிள்ளைகள் 'எஸ்' போட மறப்பது தமிழ்ப் பிள்ளைகளைவிட அதிகமோ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். எண்ணிப் பார்த்து யாரும் உறுதி செய்ததில்லை.

பயிற்சிக்கு என்ன கொடுக்கலாம் என்றால், விதிகளைவிட விடுப்புக் கடிதம் நன்றாக வேலை செய்யும். மகளே எழுதும் கடிதத்தில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' என்று இருக்கும். அதே கடிதத்தை நீங்கள் எழுதுவதாக மாற்றச் சொல்லுங்கள்: 'ஆஸ் மை டாட்டர் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் ஹெர் லீவ்'. காய்ச்சல்காரி தன்மையிலிருந்து படர்க்கைக்குப் போய்விட்டாள், கூடவே 'ஆம்' 'இஸ்' ஆயிற்று, 'மீ' 'ஹெர்' ஆயிற்று. இரண்டாவது 'ஐ' மட்டும் மாறாமல் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அது இப்போது மகள் இல்லை, நீங்கள். பிறகு வகுப்பாசிரியை அதைத் தலைமையாசிரியரிடம் சொல்வதாக மாற்றட்டும்: 'ஷீ இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். ஹெர் ஃபாதர் ஹாஸ் ரிக்வெஸ்டட் மீ டு கிராண்ட் ஹெர் லீவ்'. 'யூ' இருந்த இடத்தில் 'மீ' வந்துவிட்டது, நீங்கள் படர்க்கைக்கு நகர்ந்துவிட்டீர்கள். இதை வாய்விட்டு மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு, மேல்வகுப்பில் வரும் ரிப்போர்ட்டட் ஸ்பீச் (அயற்கூற்று) பாதி முடிந்துவிட்டது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அந்தப் பாடத்தில் ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் 'நான் ஜெயித்துவிட்டேன் என்று ரவி குமாரிடம் சொன்னான்' என்று, சொன்னவன் வாயில் வந்த 'நான்' அப்படியே நிற்க முடியும்; மாற்றிச் சொன்னாலும் 'தான் ஜெயித்ததாக' என்று 'தான்' வந்து ரவியையே காட்டிவிடும். ஆங்கிலத்தில் மேற்கோள் குறியை எடுத்துவிட்டால் 'ரவி டோல்ட் குமார் தட் ஹீ ஹாட் வொன்' என்றாகிவிடும். அந்த 'ஹீ' ரவியாகவும் இருக்கலாம், குமாராகவும் இருக்கலாம். இலக்கணப்படி வாக்கியம் சரி, பொருள்தான் இரண்டுபட்டு நிற்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் 'தான்' போன்ற தனிச்சொல் கிடையாது. 'ஹிம்செல்ஃப்' என்று அந்த இடத்தில் எழுவாயாகப் போடவும் முடியாது. மேற்கோள் குறிக்குள் 'ஐ' என்றே விட்டுவிடலாம், அல்லது 'ஹீ'க்குப் பதில் பெயரையே இன்னொரு முறை எழுதலாம். கடிதத்திலானால் இரண்டாவதே வசதி.